தப்பெண்ணம் எப்படிப் பிடிக்கிறது, எப்படி விடுகிறது?

கேள்வி: நெல்லைப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பாடம் எடுக்கிறேன். நான் சாதி பார்ப்பதில்லை. ஆனால் பிள்ளைகள் பார்க்கிறார்கள், ஓய்வறையில் சில ஆசிரியர்களும் பார்க்கிறார்கள். எனக்கே தெரியாமல் என்னிடமும் அது இருக்குமோ என்ற சந்தேகம் சில நாளாக இருக்கிறது. உளவியல் இதைப் பற்றி என்ன சொல்கிறது? தப்பெண்ணத்தை உண்மையிலேயே போக்க முடியுமா, இல்லை நீதிபோதனை வகுப்பில் நாலு வார்த்தை சொல்லிவிட்டு விட்டுவிட வேண்டியதுதானா?

பதில்:

உங்களிடமும் இருக்கும். என்னிடமும் உண்டு. இந்த மண்ணில் பிறந்து வளர்ந்த யாருக்கும் இதிலிருந்து முழு விலக்கு கிடைப்பதில்லை. இதைக் குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். போக்க முடியுமா என்றால், குறைக்க முடியும். அறிவுரையால் குறைந்தது என்பதற்கு ஆதாரம் மிகக் கொஞ்சம். மனிதர்கள் எந்த ஏற்பாட்டுக்குள், என்ன நிலையில் ஒருவரையொருவர் சந்திக்கிறார்கள் என்பதை மாற்றினால் குறைகிறது என்பதற்கு ஆதாரம் நிறைய. பள்ளிக்கூடம் என்பது அந்த ஏற்பாட்டை மாற்ற முடிந்த இடம். அதனால்தான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மனம் எவ்வளவு சுலபமாகப் பக்கம் பிரிந்துவிடுகிறது என்பதை முதலில் பார்க்கலாம். ஹென்றி தாஜ்ஃபெல் போலந்தில் பிறந்த யூதர். பிரான்சில் படித்துக்கொண்டிருந்தபோது போர் வந்தது. பிரெஞ்சுப் படையில் சேர்ந்தார், 1940-இல் ஜெர்மானியரிடம் பிடிபட்டார். பிரெஞ்சுப் போர்க்கைதி என்ற கணக்கில் இருந்ததால் உயிர் தப்பினார். போர் முடிந்து வந்து பார்த்தால் உற்றார் உறவினரில் அனேகமாக யாரும் மிஞ்சவில்லை. பின்னாளில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் உளவியல் பேராசிரியரானபோது அவர் எழுப்பிய கேள்வி இது: ஒரு கூட்டம் இன்னொரு கூட்டத்தைப் பாரபட்சமாக நடத்த, குறைந்தபட்சம் என்ன வேண்டும்? பழைய பகை வேண்டுமா, நிலத்தகராறு வேண்டுமா, மத வேறுபாடு வேண்டுமா?

அங்கிருந்த ஒரு பள்ளியில் 14, 15 வயதுப் பையன்களை எடுத்துக்கொண்டார். எல்லோரும் ஏற்கெனவே ஒருவரையொருவர் நன்றாக அறிந்தவர்கள். திரையில் சில ஓவியங்களைக் காட்டி எது பிடித்திருக்கிறது என்று கேட்டுவிட்டு, “நீ கிளே என்ற ஓவியரின் பக்கம், நீ கண்டின்ஸ்கி பக்கம்” என்று பிரித்தார்கள். உண்மையில் ரசனைக்கும் அந்தப் பிரிவினைக்கும் சம்பந்தமே இல்லை, குலுக்கிப் போட்டதுதான். பிறகு ஒவ்வொரு பையனும் தனியாக உட்கார்ந்து, வேறு இரண்டு பேருக்குக் கொஞ்சம் காசைப் பங்கிட வேண்டும். அந்த இருவரின் பெயரும் தெரியாது. எண்ணும், எந்தப் பக்கம் என்பதும் மட்டும் தெரியும். பங்கிடுபவனுக்கு இதில் ஒரு பைசா லாபமில்லை.

பையன்கள் தங்கள் பக்கத்தவனுக்குத்தான் அதிகம் கொடுத்தார்கள். அதுகூட எதிர்பார்க்கக்கூடியதே. என்னை இன்றும் உலுக்குவது அடுத்த விவரம். இரண்டு பேருக்குமே கூடுதலாகக் கிடைக்கிற ஒரு வழியும், நம்மவனுக்குக் கொஞ்சம் குறைந்தாலும் மற்றவனைவிட அதிகம் கிடைக்கிற இன்னொரு வழியும் இருந்தபோது, பலர் இரண்டாவதை நோக்கியே சாய்ந்தார்கள். நம்மவன் நன்றாக இருக்க வேண்டும் என்பதைவிட, அவனைவிட மேலே இருக்க வேண்டும் என்பது பெரிதாகிவிட்டது. 1970-இல் இந்த முடிவு வெளிவந்தது. அதன்பின் பல நாடுகளில் பலமுறை இதே போன்ற சோதனை நடந்து, ஏறக்குறைய இதே விடைதான் கிடைத்திருக்கிறது.

இதைப் படித்துவிட்டு “பார்த்தீர்களா, மனித இயல்பே இதுதான், சாதியை மாற்ற முடியாது” என்று முடிப்பவர்கள் உண்டு. அது தவறான முடிவு. பக்கம் பிரிவது மனதுக்குச் சுலபம் என்பதுதான் இதில் தெரிகிறது. எந்தப் பக்கம், அதற்கு என்ன மதிப்பு, யாரைக் கண்டால் முகம் சுளிக்க வேண்டும் என்பதெல்லாம் சமூகம் நிரப்பித் தருவது. கிளே பக்கத்துப் பையன்கள் அன்று மாலையே அதை மறந்திருப்பார்கள். அதைக் கட்டிக் காக்க ஊரும் உறவும் கல்யாணமும் சுடுகாடும் அவர்களுக்கு இல்லை.

நம் ஊர்ப் பிள்ளைக்குச் சாதியை யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தருவதில்லை. ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் புது நண்பனை வீட்டுக்குக் கூட்டிவருகிறான் என்று வையுங்கள். திண்ணையில் இருக்கும் பாட்டி கேட்கிறார்: “யாரு வீட்டுப் பையன்? எந்தத் தெரு?” பதில் வந்ததும் பாட்டி ஒன்றும் சொல்வதில்லை. உள்ளே போகவிருந்த அந்தப் பிள்ளையிடம் “இங்கயே இருப்பா, காத்து நல்லா வருது” என்கிறார். தண்ணீர் வருகிறது, ஆனால் எப்போதும் வருகிற செம்பில் அல்ல. சண்டையும் இல்லை, வசவும் இல்லை. இரண்டு பையன்களுமே அன்று ஒரு பாடம் படித்துவிட்டார்கள். வீட்டுப் பையன் பெரியவனாகி “எங்க வீட்ல சாதியெல்லாம் பேசினதே இல்ல” என்று சொல்லும்போது அவன் பொய் சொல்லவில்லை.

அமெரிக்க உளவியலாளர் பட்ரீஷியா டிவைன் 1989-இல் காட்டியது இதற்கு நேராகப் பொருந்தும். கறுப்பினத்தவரைப் பற்றி ஊரில் உலவுகிற மட்டமான பிம்பங்கள் என்னென்ன என்று கேட்டால், வெறுப்பு அதிகமுள்ளவர்களும் வெறுப்பு குறைவானவர்களும் ஒரே பட்டியலைத்தான் சொல்கிறார்கள். பிம்பம் எல்லோர் தலைக்குள்ளும் இருக்கிறது, அது தானாக எழுகிறது. எழுந்தபின் நிறுத்தி, “இது நான் நம்புவதில்லை” என்று தள்ளிவைக்கிறாரா இல்லையா என்பதில்தான் இருவரும் வேறுபடுகிறார்கள். நிறுத்திப் பார்க்க நேரமும் கவனமும் வேண்டும். அவசரத்திலும் அசதியிலும் கோபத்திலும் அது நடப்பதில்லை. வகுப்பில் ஐம்பது பிள்ளைகள் கத்திக்கொண்டிருக்கும்போது “யாருடா அது?” என்று கேட்டுவிட்டு உங்கள் கண் முதலில் எந்த பெஞ்சுக்குப் போகிறது என்று கவனித்துப் பாருங்கள்.

மறுபக்கத்தில் என்ன நடக்கிறது என்பதற்கு உத்தரப் பிரதேசத்தில் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் நடத்திய சோதனையைச் சொல்ல வேண்டும். கிராமத்துப் பையன்கள், ஆறாம் ஏழாம் வகுப்பு. காகிதத்தில் அச்சிட்ட புதிர்வழிகளைத் தீர்க்க வேண்டும், தீர்த்ததற்கேற்பக் காசு. பெயர், சாதி எதுவும் சொல்லாமல் நடத்தியபோது ஒடுக்கப்பட்ட சாதிப் பையன்களும் ஆதிக்க சாதிப் பையன்களும் ஒரே அளவில்தான் தீர்த்தார்கள். பிறகு இன்னொரு தொகுதியில் தொடங்குமுன் ஒவ்வொருவரின் பெயர், தகப்பனார் பெயர், ஊர், சாதி ஆகியவற்றை எல்லோர் முன்னாலும் வாசித்துவிட்டு அதே புதிரைக் கொடுத்தார்கள். ஒடுக்கப்பட்ட பையன்கள் தீர்த்த எண்ணிக்கை 20 சதவீதத்துக்கும் மேல் விழுந்தது. யாரும் அவர்களைத் திட்டவில்லை, அடிக்கவில்லை, வெறுமனே வாசித்தார்கள். உதவித்தொகைப் படிவம் வரும்போது “எஸ்சி பசங்கல்லாம் எழுந்திருங்க” என்று வகுப்பில் சொல்கிற பழக்கம் இன்னும் பல பள்ளிகளில் இருக்கிறது. அதைச் சொல்பவருக்கு அது நிர்வாக வேலை. எழுந்து நிற்கிற பிள்ளைக்கு அடுத்த பாடவேளைக் கணக்கு அதோடு போகிறது.

இனி உங்கள் மேசைக்கே வருகிறேன். ரேமா ஹன்னா, லீ லிண்டன் என்ற இரு பொருளியலாளர்கள் இந்தியாவில் ஆசிரியர்களிடம் பிள்ளைகளின் விடைத்தாள்களைத் திருத்தக் கொடுத்தார்கள். ஒவ்வொரு தாளின் முகப்பிலும் வயது, ஆணா பெண்ணா, சாதி ஆகியவை எழுதப்பட்டிருந்தன. ஆனால் அவை தாளை எழுதிய பிள்ளையின் உண்மை விவரங்கள் அல்ல, குலுக்கலில் ஒட்டியவை. முகப்பில் தாழ்த்தப்பட்ட சாதி என்று இருந்த தாளுக்கு மதிப்பெண் கொஞ்சம் குறைந்தது. பெரிய வித்தியாசம் இல்லை, சிறியதுதான். ஆனால் தேர்ச்சியின் விளிம்பில் நிற்கிற பிள்ளைக்கு அந்தச் சிறியதே போதும்.

அந்த ஆய்வில் இரண்டு சங்கதிகளை நான் ஆசிரியர் பயிற்சிகளில் விடாமல் சொல்வேன். ஒன்று, குறைத்துப் போட்டதில் பெரும்பங்கு ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த ஆசிரியர்களிடமிருந்தே வந்தது. ஊர் சொல்கிற மதிப்பீடு, யாரைத் தாழ்த்துகிறதோ அவர் மனதுக்குள்ளும் போய் உட்கார்ந்துவிடுகிறது. “நானே அந்தச் சமூகம்தான், எனக்கு எப்படிப் பாரபட்சம் இருக்கும்” என்பது வாதமாகாது. இரண்டு, திருத்தும்போது கட்டின் தொடக்கத்தில் வந்த தாள்களில்தான் இந்தச் சாய்வு அதிகம் தெரிந்தது. விடைகள் எப்படி வருகின்றன, எதற்கு எவ்வளவு போடலாம் என்று கை பழகாத நேரத்தில் மனம் முகப்பில் இருக்கிற குறிப்பைப் பிடித்துக்கொள்கிறது. கை பழகியபின் விடையைப் பார்த்தே போடுகிறது.

வேலைச் சந்தையில் இதே கதை பெரிய அளவில் நடக்கிறது. சுகதேவ் தோரட், பால் அட்டவெல் இருவரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றித் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பினார்கள். ஆதிக்க சாதி இந்துப் பெயருக்கு நேர்முக அழைப்பு வரும் வாய்ப்போடு ஒப்பிட்டால் தலித் பெயருக்கு அது மூன்றில் இரண்டு பங்கு, முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. அந்த அலுவலகங்களில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் வெறுப்பைக் கக்குகிறவர்களாக இருந்திருக்க வேண்டியதில்லை. தப்பெண்ணத்தின் பெரும்பகுதி வெறுப்பாக வருவதில்லை. “நம்ம பையன், பார்த்துச் செய்யுங்க” என்ற அன்பாக வருகிறது. ஒரு பரிந்துரை, ஒரு தொலைபேசி அழைப்பு, ஒருவரின் தவறுக்கு மட்டும் கிடைக்கிற இன்னொரு வாய்ப்பு. கொடுத்தவருக்குத் தான் நல்லது செய்ததாகவே நினைவு. யாருக்குக் கிடைக்கவில்லை என்பது கணக்கில் வருவதே இல்லை.

சரி, இதைப் பேசிப் போக்க முடியாதா? முயன்று பார்த்திருக்கிறார்கள். தானாக எழும் சாய்வை அளக்கிற சோதனைகளை வைத்து, கெல்வின் லாய் தலைமையில் ஒரு பெரிய குழு 2016-இல் வெளியிட்ட ஆய்வு இதில் முக்கியமானது. ஒன்பது வகையான குறுகிய பயிற்சிகளை 6,000-க்கும் மேற்பட்டவர்களிடம் செய்து பார்த்தார்கள். ஒன்பதுமே அந்த நேரத்தில் பலன் தந்தன. சில மணி நேரமோ சில நாட்களோ கழித்து மறுபடி அளந்தால் ஒன்றின் பலனும் மிச்சமில்லை. உறுதிமொழி வாசிப்பு, ஒருநாள் கருத்தரங்கு, விழிப்புணர்வு வாரம் எல்லாவற்றையும் இந்த வெளிச்சத்தில்தான் நான் பார்க்கிறேன். அவற்றை நடத்த வேண்டாம் என்று சொல்லவில்லை. அவற்றோடு வேலை முடிந்தது என்று நினைத்தால்தான் ஆபத்து.

அறிவுரை ஏன் ஒட்டுவதில்லை? மனம் விதிவிலக்கு என்ற ஒரு தனி அறையை எப்போதும் காலியாக வைத்திருக்கிறது. ஒரு தலித் மருத்துவரோடு நன்றாகப் பழகியவர் “டாக்டர் அப்படி இல்லங்க, அவர் ரொம்ப டீசன்ட்” என்பார். ஒரு நல்ல அனுபவம் வந்தால் அந்த ஆள் மட்டும் கூட்டத்திலிருந்து வெளியே எடுக்கப்படுகிறார், கூட்டத்தைப் பற்றிய எண்ணம் அப்படியே இருக்கிறது. கெட்ட அனுபவம் ஒன்று வந்தால் மட்டும் “அவங்களே அப்படித்தான்” என்று முழுக் கூட்டத்தின் கணக்கில் எழுதப்படுகிறது.

1954-இல் ஹார்வர்டு உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் சொன்னதுதான் இன்றுவரை இந்தத் துறையின் அச்சாணி. மனிதர்கள் பழகினால் தப்பெண்ணம் குறையும், ஆனால் வெறும் பழக்கம் போதாது என்றார். பழகுகிறவர்கள் அந்த இடத்தில் சமநிலையில் இருக்க வேண்டும். இருவருக்கும் ஒரே இலக்கு வேண்டும். அதை அடைய ஒருவர் கையை ஒருவர் எதிர்பார்த்திருக்க வேண்டும். சட்டமோ நிர்வாகமோ பெரியவர்களோ இதற்கு வெளிப்படையாகத் துணை நிற்க வேண்டும். 2006-இல் தாமஸ் பெட்டிக்ரூவும் லிண்டா ட்ராப்பும் 515 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பழக்கம் பொதுவாகத் தப்பெண்ணத்தைக் குறைக்கிறது என்றும், இந்த நிபந்தனைகள் சேரும்போது பலன் கூடுகிறது என்றும் தெரிந்தது.

நம் கிராமங்களை இந்த நான்கையும் வைத்துப் பாருங்கள். பழக்கத்துக்குக் குறைவா? வயலில் தினமும் சேர்ந்து நிற்கிறார்கள், ஒரே பேருந்து, ஒரே ரேஷன் கடை. பெயர், பிள்ளைகள், கடன், நோய் எல்லாம் ஒருவருக்கொருவர் தெரியும். ஆனால் ஒருவர் கூலி கொடுப்பவர், ஒருவர் வாங்குபவர். ஒருவர் “ஏலே” என்று கூப்பிடுவார், ஒருவர் “ஐயா” என்பார். இந்தப் பழக்கம் நூறு ஆண்டு தொடர்ந்தாலும் தப்பெண்ணத்தை வளர்க்குமே தவிரக் குறைக்காது. ஊர் இவ்வளவு நெருக்கமாக இருந்தும் ஏன் மாறவில்லை என்று கேட்பவர்களுக்கு ஆல்போர்ட்டின் முதல் நிபந்தனையே பதில்.

வாரணாசி அருகே மாட் லோ என்ற பொருளியலாளர் 2017-இல் செய்தது எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு. கிராமத்து இளைஞர்கள் 1,200-க்கும் மேற்பட்டவர்கள், பல சாதியினர். அவர்களில் பெரும்பாலோருக்குக் கிரிக்கெட் தொடர்கள் நடத்தினார். யார் எந்த அணி என்பது குலுக்கல். சில அணிகளில் எல்லோரும் ஒரே சாதி, சில அணிகள் கலப்பு. தொடர் முடிந்து சில வாரம் கழித்துப் பார்த்தபோது, கலப்பு அணியில் ஆடியவர்களுக்கு வேறு சாதி நண்பர்கள் கூடியிருந்தார்கள், பரிசுக்கு ஆளைத் தேர்ந்தெடுக்கும் வாக்கெடுப்பில் சொந்த சாதிக்காரனுக்கே போடுகிற வழக்கம் குறைந்திருந்தது. ஆனால் வேறு சாதியினரை எதிரணியாக மட்டும் சந்தித்தவர்களிடம் பொதுவாக இதற்கு மாறான போக்கு தெரிந்தது. அதே மைதானம், அதே பந்து, அதே மனிதர்கள். ஒரே பக்கம் நின்றார்களா, எதிர்ப்பக்கம் நின்றார்களா என்பது மட்டும்தான் வேறு. நம் ஊர்களில் சாதிக்கொரு கபடி அணி, சாதிக்கொரு கிரிக்கெட் அணி என்று வைத்துக்கொண்டு கோப்பைக்கு மோதுகிறோமே, அதை நினைத்துப் பாருங்கள்.

இதற்கு முன்னோடி முசாஃபர் ஷெரிஃப். 1954 கோடையில் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் ஒரு முகாமில் 22 பையன்களை இரண்டு அணியாக்கிப் போட்டி வைத்தார். சில நாளில் கொடி எரிப்பு, இரவில் குடிசைக்குள் புகுந்து சூறையாடல். பிறகு இரு அணியையும் ஒன்றாக உட்காரவைத்துச் சாப்பாடு போட்டார். சாப்பாட்டை ஒருவர் மேல் ஒருவர் வீசினார்கள். தண்ணீர்க் குழாய் அடைத்துக்கொண்டது, வண்டி நின்றுபோனது என்று எல்லோரும் சேர்ந்தால்தான் தீரும் சிக்கல்களை உண்டாக்கியபோதுதான் நிலைமை மாறியது. கடைசியில் ஓர் அணி தான் வென்ற ஐந்து டாலரில் எல்லோருக்கும் குளிர்பானம் வாங்கிக் கொடுத்தது. அதற்கு முந்தைய ஆண்டு இதே சோதனையை வேறு இடத்தில் தொடங்கி அவர் கைவிட வேண்டிவந்தது. அங்கே அணி பிரிக்குமுன்பே பையன்கள் நண்பர்களாகிவிட்டதால் மூட்டிவிட்டும் சண்டை பற்றவில்லை. எனக்கு வெற்றிபெற்ற சோதனையைவிட அந்தத் தோல்வி முக்கியமாகத் தெரிகிறது. ஆறாம் வகுப்பில் சேர்த்து உட்காரவைத்தால் பதினொன்றாம் வகுப்பில் காவல் போட வேண்டியிருக்காது.

பள்ளியிலேயே நடந்த சான்றும் இருக்கிறது. டெல்லியில் 2007-இல் வசதியான தனியார் பள்ளிகள் ஏழைப் பிள்ளைகளுக்கு இலவச இடம் ஒதுக்க வேண்டும் என்று ஆணை வந்தது. பெற்றோர் பலர் பதறினார்கள். கௌதம் ராவ் அங்கே ஆராய்ந்தபோது, ஏழை வகுப்புத் தோழர்களோடு படித்த பணக்காரப் பிள்ளைகள் மற்றவர்களுக்குப் பங்கு தருவதில் தாராளமாக இருந்தார்கள், ஏழைப் பிள்ளைகளோடு விளையாடக் கூடுதல் விருப்பம் காட்டினார்கள், தொடரோட்டத்துக்குத் துணை தேடும்போது ஓடத் தெரிந்த ஏழைப் பிள்ளையை ஒதுக்குவது குறைந்திருந்தது. வகுப்பில் ஒழுங்குமீறல் சற்றுக் கூடியது என்றும் அவரே பதிவு செய்திருக்கிறார். அதை மறைக்காமல் சொன்னால்தான் மற்றதை நம்புவார்கள்.

எல்லாம் இனிப்பாக இல்லை. ஈராக்கில் ஐஎஸ் அமைப்பால் விரட்டப்பட்ட கிறிஸ்தவர்களையும் முஸ்லிம்களையும் ஒரே கால்பந்து அணியில் சேர்த்த சல்மா மூஸாவின் 2020 ஆய்வில், அணித்தோழர்களோடும் தொடரில் சந்தித்தவர்களோடும் உறவு மேம்பட்டது. மைதானத்துக்கு வெளியே முன்பின் தெரியாத முஸ்லிம்களிடம் அந்த மாற்றம் அவ்வளவாகப் போய்ச் சேரவில்லை. நமக்கும் அந்தக் கோடு தெரியும். சேர்ந்து படிக்கலாம், சேர்ந்து சாப்பிடலாம், பெண் கொடுப்பது மட்டும் கூடாது. 1936-இல் லாகூர் மாநாட்டுக்காக எழுதி, அங்கே பேச முடியாமல்போன உரையில் அம்பேத்கர் இதைத்தான் சொன்னார்: சமபந்தி விருந்து சாதியைக் கொல்லவில்லை, கலப்பு மணமே உண்மையான மருந்து. இந்தியாவில் சாதி மாறிய திருமணங்கள் சுமார் 5 சதவீதம்தான் என்று 2011–12-இன் பெரிய குடும்பக் கணக்கெடுப்பு சொன்னது.

நான்காவது நிபந்தனையான அதிகாரத்தின் துணை பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். “மனம் மாறாமல் சட்டம் போட்டு என்ன பயன்” என்ற பேச்சு நம்மிடம் அதிகம். மேற்கு வங்கத்தில் ஊராட்சித் தலைவர் பதவி குலுக்கல் முறையில் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. எஸ்தர் டஃப்லோ உள்ளிட்ட குழு அங்கே ஒரே மேடைப்பேச்சை ஆண் குரலிலும் பெண் குரலிலும் பதிவுசெய்து ஊரில் போட்டுக் காட்டியது. பெண் தலைவரையே பார்த்திராத ஊர்களில் ஆண்கள் பெண் குரலுக்கு மதிப்பைக் குறைத்தார்கள். ஒதுக்கீட்டால் பெண் தலைவர் வந்துவிட்ட ஊர்களில் அந்தச் சாய்வு பெருமளவு காணாமல் போயிருந்தது. முதல்முறை வந்த பெண் தலைவர்களை, வேலை நன்றாக நடந்தும், ஊர் குறைத்தே மதிப்பிட்டது; இரண்டாம் முறை வந்தபோது அந்தக் குறை இல்லை. “தலைவர் ஆணா பெண்ணா, யார் வேண்டும்” என்று நேராகக் கேட்டால் விருப்பம் மட்டும் பழையபடியே இருந்தது. விருப்பம் மாறுமுன்பே மதிப்பீடு மாறிவிட்டது. மதிப்பீட்டை மாற்றியது சட்டம்.

மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளை நினைத்துக்கொள்ளுங்கள். 1996-இல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டபின் பத்து ஆண்டுகள் அங்கே முறையான தலைவரே இல்லை. வேட்புமனு வராது, வந்தாலும் வென்றவர் உடனே ராஜினாமா செய்வார். 2006-இல் மாவட்ட நிர்வாகம் உறுதியாக நின்றதும் தேர்தல் நடந்தது. அந்தப் பத்தாண்டில் மக்கள் மனம் மெல்லக் கனிந்துகொண்டிருந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

தனி மனிதர் மாற முடியுமா என்பதற்கு நம் சென்னை உயர்நீதிமன்றத்திலேயே ஒரு சான்று உண்டு. தன்பால் ஈர்ப்புள்ள இரண்டு பெண்கள் பாதுகாப்புக் கேட்டு வந்த வழக்கில், நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தனக்கே இந்த விஷயத்தில் முன்முடிவுகள் இருப்பதை வெளிப்படையாகச் சொன்னார். தீர்ப்பை எழுதுமுன் ஓர் உளவியல் ஆலோசகரிடம் அமர்ந்து கற்றுக்கொண்டார், அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர்களோடு பேசினார். 2021 ஜூன் 7-இல் வந்த உத்தரவு காவல்துறை, பள்ளிகள், மருத்துவர்கள் எல்லோருக்கும் வழிகாட்டுதல் தந்தது. எனக்கு இதில் முறைதான் பெரிதாகப் படுகிறது. தெரியாது என்று ஒப்புக்கொண்டு, முடிவைத் தள்ளிவைத்து, சம்பந்தப்பட்டவர்களையே கேட்டு, பிறகு எழுதினார். அவர் தன் நல்ல மனதை நம்பி நேரே தீர்ப்புக்குப் போகவில்லை.

உங்கள் பள்ளிக்கு என்ன செய்யலாம்? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனும் அவன் தங்கையும் சக மாணவர்களால் வெட்டப்பட்டபின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதி அடையாளக் கயிறுகளுக்குத் தடை, வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் கூடாது, பெயரின் அகரவரிசைப்படி இருக்கை என்று அதில் பல பரிந்துரைகள். வெளியில் சர்ச்சை ஆனதெல்லாம் வேறு. இருக்கை வரிசை பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை. அதுதான் நீங்கள் நாளைக்கே செய்யக்கூடியது. பிள்ளைகளைத் தாமாக உட்காரவிட்டால் தெருவாரியாக உட்காருவார்கள். வரிசையை நீங்கள் போடுங்கள், மாதம் ஒருமுறை மாற்றுங்கள், செய்முறைக் குழுவையும் விளையாட்டு அணியையும் குலுக்கிப் போடுங்கள். குழுவுக்குப் பொது மதிப்பெண் கொஞ்சமாவது இருக்கட்டும், அப்போதுதான் ஒருவனுக்கு ஒருவன் தேவைப்படுவான். கரும்பலகை துடைப்பது, தண்ணீர் கொண்டுவருவது, கழிப்பறைச் சாவி, சிற்றுண்டி வாங்கிவரப் போவது ஆகியவற்றுக்கு யாரை அனுப்புகிறீர்கள் என்று இரண்டு வாரம் ஒரு தாளில் குறித்துப் பாருங்கள். அந்தத் தாள் எந்தச் சோதனையையும்விடத் தெளிவாகச் சொல்லும்.

விடைத்தாளுக்கு, பொதுத்தேர்வில் டம்மி எண் போடுவதுபோல, பெயர் இருக்கும் பகுதியை மடித்து நூல்கட்டிவிட்டுத் திருத்துங்கள். எதற்கு எத்தனை மதிப்பெண் என்பதை முதல் தாளைத் தொடுமுன் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எல்லோருடைய முதல் கேள்வியையும் முடித்துவிட்டு இரண்டாவதுக்குப் போங்கள். கட்டு முடிந்ததும் முதலில் திருத்தியவற்றை எடுத்து இன்னொருமுறை பாருங்கள். சாய்வு அதிகம் தெரிந்தது அங்கேதான் என்று மேலே சொன்னேன்.

கயிறு கட்டி வருகிற பையனை வகுப்பு நடுவே நிறுத்தி அறுக்காதீர்கள். அவனுக்கு அது பெருமையாகத்தான் முடியும், மறுநாள் பத்துப் பேர் கட்டி வருவார்கள். எல்லாக் கைக்கும் ஒரே விதி என்று தலைமையாசிரியர் பெயரில் எழுத்தில் வரட்டும், எல்லாச் சாதிக் கயிறுக்கும் ஒரே நாளில் நடக்கட்டும்.

சக ஆசிரியர்கள்தான் கடினம். அதற்கும் ஒரு வழி சோதித்துப் பார்க்கப்பட்டிருக்கிறது. டேவிட் ப்ரூக்மன், ஜோஷுவா கல்லா இருவரும் அமெரிக்காவின் மயாமியில் நடத்தி 2016-இல் வெளியிட்ட ஆய்வில், தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய்த் திருநர்களைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார்கள். வாதாடவில்லை. “நீங்கள் வேறுமாதிரி என்பதற்காக உங்களை யாராவது மட்டமாக நடத்தியது உண்டா?” என்று கேட்டுவிட்டு, சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்டார்கள். ஏற்பட்ட மாற்றம் மூன்று மாதம் கழித்தும் நிலைத்திருந்தது. ஒவ்வொரு ஆசிரியருக்கும் அப்படி ஒரு கதை இருக்கும்: கல்லூரி விடுதியில் ஆங்கிலம் தெரியாததற்கு, நிறத்துக்கு, ஊர்ப்பேச்சுக்கு, தமிழ்வழியில் படித்ததற்கு. அதைக் கேளுங்கள், பிறகு நம் பிள்ளைகளைப் பற்றிப் பேசுங்கள். ஒருவரோடு, தனியாக, டீ குடிக்கப் போகும்போது தொடங்குங்கள். ஓய்வறையில் எல்லோர் முன்னாலும் வேண்டாம். அங்கே கேட்டால் அவர் தனக்காகப் பேச மாட்டார், தன் சாதிக்காகப் பேச வேண்டியவராகிவிடுவார்.